பதினாலு காலி சீட்டும் ஒரு குடலை இட்லியும்

செவிலிமேடு, காஞ்சிபுரம்.
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் திரு. ஆதிகேசவன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பொன்னியின் கணவன் குரு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் தண்ணி மோட்டாரும் சுகம். அங்கு டெல்லியில் தாங்களும் தங்கள் மனைவி கிரேஸ் அக்காவும் என் மகள் கமலியும் சுகமாக இருக்க வரதராஜப் பெருமாளை வேண்டுகிறேன். ‘என் மகள்’ என்ற இடத்துல ரெண்டு கோடு போட்டிருக்கேன், கவனிக்கவும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறான்னு நெனப்பீங்க. ஒரகடத்துல நான் குவாலிட்டி இன்ஜினியர். எங்க ஃபேக்டரில வாயால சொன்னா அது கம்ப்ளைன்ட் இல்ல, வெறும் பேச்சு. எழுத்துல வந்தாதான் பதில் சொல்லியாகணும். அதனால எழுதறேன். பொன்னி கண்ண மூடின பத்தாம் நாளு, ‘கொழந்த ரெண்டு மாசம் எங்களோட இருக்கட்டும் குரு, நீ கொஞ்சம் தேறு’ன்னு சொல்லி கமலிய தூக்கிக்கினு போனீங்க. எட்டு மாசம் ஆவுது. நான் தேறிட்டேன். சோறு வடிக்கிறேன், வேலைக்குப் போறேன், வாஷிங் மெஷின்ல எந்த பட்டன் அமுக்கணும்னு தெரியுது. கமலிக்கு இங்க எல்.கே.ஜி. சீட்டும் வாங்கியாச்சு. வந்து கூட்டிக்கினு போறேன்னு சொன்னதுக்கு, ‘மச்சான் ஏர்லைன்ஸ்ல வேல செய்யும்போது நீ எதுக்குப்பா டிக்கெட் வாங்கற, ஸ்டாஃப் குடும்பத்துக்குன்னு ஸ்டாண்ட்பை டிக்கெட் இருக்குது, சீட்டு காலி இருந்தா ஏத்திக்குவாங்க’ன்னீங்க. இந்த வாரம் கிரேஸ் அக்கா போன்ல, ‘இங்கயும் சும்மா ஒரு ஸ்கூல் ஃபாரம் வாங்கி வெச்சிருக்கோம் தம்பி, வர்ற திங்கக்கெழம கடைசி நாளு’ன்றாங்க. ஃபாரத்த யாராவது சும்மா வாங்குவாங்களா? தாய்மாமன்னா மடியில ஒக்கார வெச்சி காது குத்தணும். அதோட நிக்கணும். ஸ்கூல்ல சேக்கறது எந்த ஊரு வழக்கம் மச்சான்?

சரி, சமாச்சாரத்துக்கு வர்றேன். இந்தத் திங்கக்கெழம காலைல தாம்பரம் பஸ் புடிச்சி, அங்கேந்து ரயில்ல திரிசூலம் எறங்கி, நீங்க சொன்ன மாதிரியே ஷூ போட்டு, சட்டைய இன் பண்ணிக்கினு ஏர்போர்ட்ல போய் நின்னேன். பதினாலு சீட்டு காலின்னு நீங்களே மெசேஜ் போட்டீங்க. எனக்கு வேண்டியது ஒண்ணு. கவுன்டர்ல இருந்த பொண்ணு, பேட்ஜ்ல எஸ்தர்னு இருந்திச்சி, ஸ்கிரீனப் பாத்து சிரிச்சி, ‘வெயிட் பண்ணுங்க சார்’னாங்க. ஸ்கிரீன்ல சிரிக்க என்ன இருக்குதுன்னு எட்டிப் பாத்தேன், அதுக்குள்ள திருப்பிட்டாங்க. மொத சந்தேகம் அங்கதான். கடைசி அரை மணி நேரத்துல எங்கேந்தோ ஒரு கபடி டீமு வந்து எறங்கிச்சி. எண்ணிப் பாத்தேன், பதினாலு பேரு. கபடில ஒரு பக்கம் ஆடறது ஏழு பேரு. மீதி ஏழு பேரு எதுக்கு டெல்லிக்குப் போறாங்கன்னு கோச்சுகிட்ட கேட்டேன், ‘ஒனக்கு இன்னாப்பா வந்துச்சி’ன்னாரு. ‘ஆதிகேசவன்னு யாரையாவது தெரியுமா?’ன்னேன். தெரியாதுன்னாரு. ரொம்ப வேகமா சொன்னாரு.

செவ்வாக்கெழம சீட்டு குடுத்துட்டாங்க, போர்டிங் பாஸ் கைக்கு வந்துடிச்சி. அன்னிக்குன்னு பாத்து பையில கோயில் குடலை இட்லி. நீங்க கேட்டதுதான், ‘வரும்போது ஒண்ணு எடுத்துக்கினு வா குரு, வாயில வெச்சி வருஷம் ஆவுது’ன்னு. மூங்கில் குடலையில வேகவெச்சது, ஒண்ணரை அடி நீளம், தொடை கனம், மந்தார இலை சுத்தி நூல் கட்டி இருக்குது. ஸ்கேனர்ல அது எப்படித் தெரியும்னு எனக்கும் தெரியல, அங்க ஒக்காந்திருந்த அதிகாரி மட்டும் நாற்காலிய பின்னால தள்ளிக்கினு எழுந்துட்டாரு. ‘யே க்யா ஹை?’ன்றாரு. ‘இட்லி’ன்றேன். ‘இட்லி கோல் ஹோதா ஹை’ன்னு கையால வட்டம் போட்டுக் காட்றாரு. இட்லிய பத்தி காஞ்சிபுரத்துக்காரனுக்கே பாடம் எடுக்கறாரு மச்சான்! பிரிக்கச் சொன்னாரு, பிரிச்சேன். தின்னச் சொன்னாரு, தின்னேன். நான் சாவலன்னதும் இன்னொருத்தர கூப்ட்டாரு, அவரு மிளகுக்கும் சுக்குக்கும் தும்மினாரு, அதுக்கு மேலதிகாரி வந்தாரு, அவரு ஒரு துண்டு கிள்ளி வாயில போட்டாரு, ‘அச்சா ஹை’ன்னு இன்னொரு துண்டு கிள்ளினாரு. அரை அடி இட்லி கொறையறதுக்குள்ள போர்டிங் கேட்ட மூடிட்டாங்க.

எங்க ஃபேக்டரில ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆச்சின்னா அஞ்சு தடவ ‘ஏன்’னு கேப்போம். ஏன் ஏறல? லேட்டு. ஏன் லேட்டு? இட்லி. ஏன் இட்லி? மச்சான் கேட்டாரு. மச்சான் ஏன் கேட்டாரு? நாலாவதுலயே ஆள் மாட்டிக்கினாரு, அஞ்சாவது தேவப்படல.

நேத்து, புதன். பக்கத்து நாற்காலில பூவம்மாள்னு ஒரு அம்மா, மாகறல்காரங்க, மவன் வீட்டுக்கு மொத தடவ பிளேன்ல போறாங்க. ஸ்டாஃப் டிக்கெட்டப் பத்தி வெளிய பேசக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க இல்ல, அதனால வாயத் தொறக்கவே பயம்.

‘எங்கப்பா போற?’ன்னாங்க.

‘டெல்லிக்கும்மா. போனாலும் போவேன்.’

‘எத்தினி மணிக்கு?’

‘தெரியலம்மா.’

‘டிக்கெட்டு இருக்குதா?’

‘இருக்குது. ஆனா இல்ல.’

கூடைய தூக்கி அந்தப் பக்கம் வெச்சிக்கினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி, ‘போலீஸ்காரன் யாராச்சும் தேடறானா ஒன்ன? சொல்லிடுப்பா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்’னாங்க. இல்லம்மா, பொண்ண கூட்டிக்கினு வர்றதுக்குப் போறேன்னேன். ‘பொண்டாட்டி கோச்சிக்கினு போயிட்டாளா?’ன்னாங்க. ஆமாம்னுட்டேன். மறுபடி கூடைய இந்தப் பக்கம் வெச்சி ஒரு முறுக்கு குடுத்தாங்க. அத தின்னுக்கினு ஒக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் என் பேர கூப்பிடவே இல்ல.

மூணு நாளு, மூணு பிளேனு. இது தற்செயல்னு சொல்ல நான் படிச்ச புள்ளியியல் எடம் குடுக்கல. நீ ஏன் சொந்தமா டிக்கெட் வாங்கலன்னு திருப்பிக் கேக்காதீங்க, அது வேற சப்ஜெக்ட். என் பொண்ண என்கிட்ட அனுப்பக்கூடாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா இல்லியா, அத மட்டும் எழுத்துல தெரியப்படுத்தவும்.

தங்களுக்கும் அக்காவுக்கும் தலைவலி கால்வலி வராமல் பெருமாள் காப்பாராக. கமலிக்கு என் முத்தம் ஒன்று. அத வழியில யாரும் எடுத்துக்காம அப்படியே சேத்துடவும்.

இப்படிக்கு,
மரியாதை கொஞ்சமும் கொறையாத,
குரு.

பின்குறிப்பு: ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிப் பாத்தேன். புதன்கெழமைய பத்தி எழுதினது பொய் மச்சான். கூப்ட்டாங்க. எஸ்தர் மூணு தடவ மைக்ல ‘மிஸ்டர் குரு’ன்னு கூப்ட்டாங்க. பூவம்மாள் என் முட்டில தட்டி, ‘ஒன்னத்தாம்பா’ன்னாங்க. ‘அது வேற குரு’ன்னேன். ‘இங்க வேற யாருமே இல்லியேப்பா’ன்னாங்க. எழுந்து பாத்ரூம் போய் கதவ சாத்திக்கினேன். பிளேன் கெளம்பற வரைக்கும் அங்கதான் இருந்தேன். கபடி டீமு, இட்லி, எதுக்கும் உங்க மேல தப்பு இல்ல. செவ்வாக்கெழமையும் ஓடியிருந்தா கேட் மூடறதுக்குள்ள போயிருக்கலாம். நடந்துதான் போனேன்.

அந்த செவ்வாக்கெழம சாயங்காலம் வீடியோ கால்ல, ‘அப்பா நாளைக்கு வரட்டுமா’ன்னு கமலிய கேட்டேன். ‘வந்துட்டு எப்ப போவ?’ன்னு கேட்டா. கெஸ்ட் வர்றாங்கன்னா கேக்கற மாதிரிதான் கேட்டா, கோவம்லாம் ஒண்ணும் இல்ல. நான் வந்து நிக்கும்போது அவ அக்கா பொடவைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினா என்னா பண்றதுன்னு தெரியல. அதுக்குத்தான் பாத்ரூம்.

சனிக்கெழம காலைக்கு நானே டிக்கெட் போட்டுட்டேன். கன்ஃபர்ம் டிக்கெட். ஏறலன்னா பழி போட ஆள் கெடையாது. ஏர்போர்ட்டுக்கு யாரும் வரவேணாம். வீட்டுக்கு நானே வந்து பெல் அடிக்கறேன், கதவ கமலியே தொறக்கட்டும். ‘யாரு வந்திருக்காங்க பாரு’ன்னு மட்டும் நீங்க யாரும் முந்திக்கினு சொல்லிடாதீங்க. அவளே சொல்லட்டும்.