பூனைக்கும் ஹால் டிக்கெட் உண்டு

ஒரு காட்டில் ஒரே ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. வேறு பள்ளிக்கூடங்களும் இருந்தன. ஆனால் அவற்றில் பிள்ளையைச் சேர்த்தால், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் "பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பந்திப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆகவே அவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த நல்ல பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. எழுதுவது குட்டிகள், காய்ச்சல் வருவது அப்பா அம்மாவுக்கு. தேர்வு நெருங்கியதும் கரடி வீட்டில் தேன் நிறுத்தப்பட்டது. தேன் தின்றால் தூக்கம் வருமாம். முயல் வீட்டில் டிவியைப் போர்வையால் மூடி, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள்.

காட்டிலேயே பெரிய பயிற்சி மையம் நரியுடையது. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது ஊரறிந்த சங்கதி என்பதால், தேர்வு நாள் விடியற்காலையில் நரி தன் முகத்தையும் பயன்பாட்டுக்கு விட்டிருந்தது. வேறு எதையும் பார்த்துவிடக் கூடாதே என்று குடும்பம் குடும்பமாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் வாலை ஒருவர் பிடித்தபடி வரிசையில் வருவார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து நரியைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். நரியின் சொந்த மகன் பிறந்த நாளிலிருந்து அந்த முகத்தில்தான் முழிக்கிறான். இரண்டு தடவை தோற்றிருந்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. கண்தான் மூடியிருந்ததே.

அதே காட்டில் செவ்வந்தி என்றொரு பூனை இருந்தாள். மூத்தவள் மிளகு, அடுத்த ஈற்றில் பிறந்தவன் சீரகம் என்று இரண்டு பிள்ளைகள். அந்த வருடம் மிளகுக்குத் தேர்வு. இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது ஆற்றுக்கு அக்கரையில்தான். தினமும் பரிசலில் போய் வர வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் மூக்கில் பட்டாலே கூரை ஏறிவிடுகிற பிள்ளை அவள்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை, பெற்றோர் சங்கத் தலைவர் கரடி வேலப்பனும் முயல் அல்லியும் செவ்வந்தி வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏம்மா செவ்வந்தி, தப்பா எடுத்துக்காதே. நாளைக்குக் காலையில நீ கொஞ்சம் வெளிய தலை காட்டாம இருந்தா நல்லது."

"ஏண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. பிள்ளைங்க பரிட்சைக்குப் போற நேரம். நீ பாட்டுக்குக் குறுக்க வந்து வச்சேன்னா..."

"எம் பொண்ணும்தான் பரிட்சைக்குப் போறா. ஹால் டிக்கெட் வந்திருச்சு."

கரடி முயலைப் பார்த்தது. சங்கம் இப்படி ஒன்றை யோசிக்கவே இல்லை.

"பூனைக்கெல்லாமா ஹால் டிக்கெட் குடுக்குறாங்க?" என்றாள் அல்லி.

"விண்ணப்பத்துல வால் நீளம்தான் கேட்டிருந்தாங்க. சகுனம் கேக்கலை."

"நாங்க ஒண்ணும் பூனைங்களுக்கு எதிரி இல்லக்கா. என் கல்யாணத்துக்கே உங்களைக் கூப்பிட்டேனே."

"கூப்பிட்டே. தாலி கட்டினப்புறம் வரச் சொன்னே."

அல்லி காதைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. எல்லாக் குடும்பங்களும் தாண்டிப் போன பிறகு செவ்வந்தி மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவரை புதரைவிட்டு அசையக் கூடாது. நாளை மறுநாளும் இதே காட்டில்தானே பிழைக்க வேண்டும் என்று செவ்வந்தி ஒப்புக்கொண்டாள்.

அவள் வீடு பெரிய பாதையின் இந்த ஓரத்தில். பள்ளிக்கூடம் அந்த ஓரத்தில். பாதையைத் தாண்டினால் கூப்பிடு தூரம்தான்.

பள்ளியின் வாசல் காவலர் ஓர் ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று யாரோ சொல்லிவைத்ததால், அவரை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கிறார்; உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒன்பது மணிக்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பதால், எட்டரைக்கே தள்ள ஆரம்பித்துவிடுவார்.

தேர்வு நாள் காலையில், நரி முகத்தில் முழித்த குடும்பங்கள் எல்லாம் பஞ்சாங்கம் பார்த்து ஒரே நல்ல நேரத்தில் கிளம்பின. மொத்தமாகப் பள்ளிக்குத் திரும்பும் இடத்துக்கு வந்ததும் கரடி கையைத் தூக்கி நிறுத்தியது.

"கழுதை கத்தட்டும். கழுதை கத்தினா காரியம் ஜெயம். எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கு."

கழுதை வந்துதான் இருந்தது. ஆனால் முதல் நாள் முழுக்க ஒத்திகை பார்த்ததில் தொண்டை கட்டிவிட்டது.

"சார், ஒரே ஒரு தடவை," என்று கெஞ்சியது கரடி. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கழுதையை சார் என்று கூப்பிடுவார்கள்.

கழுதை வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது.

"யாராவது வெந்நி கொண்டாங்கப்பா!"

வெந்நீர் வந்தது. மிளகுப் பொடி வந்தது. பனங்கற்கண்டு வந்தது. கழுதை ஒவ்வொன்றையும் நிதானமாகச் சாப்பிட்டது. கூட்டம் நகரவில்லை.

புதருக்குள் மிளகு பரிட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கதவு பாதி வந்திருச்சு."

"இருடி. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவங்க போனாத்தானே நாம போகணும்?"

"ஆமா."

"அவங்கதான் போகவே இல்லையே."

ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. மிளகின் மூக்கு சுருங்கியது. பென்சிலை வாயில் கவ்விக்கொண்டாள். ஓடவில்லை, பதுங்கவில்லை. இத்தனை பேருக்கும் முன்னால், பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தாள்.

"அடியே மிளகு!" என்று செவ்வந்தியும் பின்னாலேயே ஓடினாள். ஆக, இரண்டு பூனை.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது. "எல்லாரும் வீட்டுக்குத் திரும்புங்க. உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, மறுபடி கிளம்பி வரணும்!"

"அப்பா," என்றது கரடியின் குட்டி, "கதவு இன்னும் தொறந்துதான் இருக்கு. ஓடினா போயிரலாம்ப்பா."

"வாயை மூடு. சகுனம் கெட்டு உள்ள போயி என்னத்தை எழுதிக் கிழிப்பே?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் கழுதைக்குத் தொண்டை திறந்துகொண்டது. கம்பீரமாகக் கத்தியது. கேட்க ஆள் இல்லை.

வாசலில் மிளகைப் பார்த்த ஆமை கதவு தள்ளுவதை நிறுத்தினார். "எனக்கும் களைப்பா இருக்குல்ல, நீ உள்ள போம்மா," என்றார். அவள் நுழைந்ததும் மறுபடி தள்ளினார்.

தண்ணீர் குடித்தவர்கள் வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

"ரெண்டே நிமிஷம்தான் ஆகியிருக்கு! தொறய்யா!" என்று கத்தியது கரடி.

"தொறக்கலாம்," என்றார் ஆமை. "ஆனா நான் தள்ளி முடிக்க அரை மணி ஆகும். பரவாயில்லையா?"

தேர்வு அறையில் மிளகு மட்டும் இருந்தாள். மேற்பார்வைக்கு வந்த ஆந்தை பகல் என்பதால் தூங்கிக்கொண்டிருந்தது. மிளகு தெரிந்ததை எழுதினாள். தெரிந்தது கொஞ்சம்தான். நூற்றுக்கு முப்பத்தேழு வாங்கினாள். காட்டிலேயே முதலிடம். கடைசி இடமும் அவளுடையதுதான். பத்திரிகைகள் அதைப் போடவில்லை.

முடிவு வந்த அன்று நரி லட்டு டப்பாவோடு வந்து நின்றது.

"பாப்பாவோட போட்டோ ஒண்ணு வேணுமே. எங்க மையத்து போர்டுல போடணும்."

"அவ உங்ககிட்ட ஒரு நாள்கூடப் படிக்கலையே?"

"எத்தனை தடவை எங்க வாசல் வழியா நடந்திருக்கா! அதுவும் பயிற்சிதானேம்மா."

ஒரு வருடம் ஓடியது. மறுபடியும் தேர்வுக்கு முதல் நாள் மாலை. கரடி இந்த முறை தனியாக, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு, வாழையிலையில் மூடிய ஒரு கெளுத்தி மீனுடன் வந்தது.

"வாங்கண்ணே. நாளைக்கு வெளிய வரக் கூடாது, அதானே?"

"அய்யய்யோ! கட்டாயம் வரணும்மா. ஆனா பாரு, முதல்ல நாங்க தாண்டிப் போயிருவோம். எங்களுக்குப் பின்னாடி அந்த அல்லி குடும்பம் வரும். அவங்க முன்னாடி மட்டும் ஒரு நடை நடந்துட்டேன்னா..."

கரடி போனதும் அல்லி வந்தாள். அவள் கொண்டுவந்த மீன் பெரியது. "அக்கா, எங்களுக்கு ஒண்ணும் வேணாம். அந்தக் கரடிக் குடும்பத்துக்கு மட்டும் குறுக்க போயிருங்க, போதும்." அவள் பின்னால் மான், மான் பின்னால் குரங்கு. நரிகூட வந்தது. மகனுக்கு இது நாலாவது முறை. வாசலில் யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்த மிளகு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாமா, வரிசையில வாங்க. யாருக்கும் குறுக்க போகாதீங்க."

செவ்வந்தி யாரையும் ஏமாற்றவில்லை. மறுநாள் காலையில், அவரவர் கேட்டுக்கொண்டபடி, எல்லோருக்கும் குறுக்கே நடந்தாள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். ஆமை கதவைச் சாத்தினார்.

அந்த வருடம் தேர்வு எழுதியது சீரகம் மட்டும். நூற்றுக்கு இருபத்தொன்பது. காட்டிலேயே முதலிடம்.

நீதி: பூனை குறுக்கே போவது கெட்ட சகுனம் என்று பெரியவர்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆகவே, பிள்ளையைப் படிக்க வைக்க நேரமில்லாவிட்டாலும் பாதகமில்லை, பூனையாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.