தன் குப்பையைத் தானே கொட்டும் இயந்திரத்தை வாங்கிய வரலாறு

கமுந்திங்,
வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வந்து.

அன்பு மகள் ஹஸ்னிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பெரியம்மா ரொஹானாவைக் கட்டிக்கொண்டதால் உனக்கு பாக் லோங் ஆகிப்போன பஹாரோம் எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் பூனைகள் இரண்டும் சுகம். கூச்சிங்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும், நீ தாதியாக இருக்கும் நுரையீரல் வார்டில் படுத்திருப்பவர்கள் அனைவரும் சுகம் பெற வேண்டுகிறேன். அவர்கள் எல்லாரும் சுகமாகி எழுந்து போய்விட்டால் உன் வேலை என்னாகும் என்று உன் மாக் லோங் ரொஹானா கேட்கிறாள். அதை நீ கண்டுகொள்ளாதே.

நாலு நிமிஷத்துக்கு மேல் குரல் செய்தி அனுப்பினால் கேட்கமாட்டேன் என்று நீ போன நோன்புப் பெருநாளில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இதைத் தாளில் எழுதுகிறேன். விஷயம் நன்றி சொல்லும் விஷயம். நன்றியை நாலு நிமிஷத்தில் சொல்லி முடிக்க எனக்கு வராது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பாக் லோங், மாக் லோங்குக்கு வர்றது சாதாரண இருமல் இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இனிமே துடைப்பத்தைத் தொட விடாதீங்க. தரை பெருக்குற ரோபோ ஒண்ணு வாங்குங்க. அதுலயும் தூசிப் பெட்டியை நாமளே தெனம் தொறந்து கொட்டுற மாதிரி வேணாம், அந்தத் தூசி பூரா மறுபடி மூஞ்சிக்குத்தான் வரும். தானே போய்த் தன் குப்பையைப் பைக்குள்ள கொட்டிக்கிற மாதிரி பாத்து வாங்குங்க" என்றாய். நானும் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்து, மூன்று வாரம் ஒன்றுமே செய்யவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சின்னப் பெண், ஆஸ்பத்திரியில் தினமும் பார்ப்பதால் எல்லாமே பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். ரொஹானாவிடம் ஒரு தடவை பேச்செடுத்தேன். அவள் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "என் வீட்டுத் தரையப் பெருக்க தட்டு மாதிரி ஒரு மெஷின் வரணுமா? அப்புறம் எனக்கு என்ன வேலை, அதுக்குச் சோறு ஆக்கிப் போடுறதா?"

அதோடு விட்டிருப்பேன். ஒருநாள் மின்சாமான் கடைக்கு ஃபேன் வாங்கப் போனபோது அங்கே வரிசையாக இந்தத் தட்டுகள் நின்றன, சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று நின்றேன், அதுதான் ஆரம்பம். அங்கே மிஸ் சோங் என்று ஒரு பெண், கண்ணாடி போட்டவள், நான் வாயைத் திறக்கும் முன்னே என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் பூனை உண்டா, எத்தனை, முடி நீளமா குட்டையா, கம்பளம் உண்டா, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் படி எத்தனை சென்டிமீட்டர், சோபாவுக்கு அடியில் எத்தனை, கட்டிலுக்கு அடியில் எத்தனை. எனக்கு எதற்குமே பதில் தெரியவில்லை, மகளே. முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். எந்தப் பிளாட்பாரம் எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தக் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம் என்று தெரியாமல் அந்தப் பெண் முன்னால் நின்றேன். ஃபேன் வாங்க மறந்து, அளவு நாடா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சோபாவை அளந்தேன். படியை அளந்தேன், இரண்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கட்டிலுக்கு ஓரத்தில் மட்டும் அளந்தால் போதும், ஆனால் நடுவில் பலகை தொங்கினால் இயந்திரம் மாட்டிக்கொள்ளுமே என்று உள்ளே புகுந்தேன். புகும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு புகுந்துவிட்டேன் போலிருக்கிறது. விட்டதும் தொப்பை பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, முன்னாலும் போக முடியல, பின்னாலும் வர முடியல. கை மட்டும் நீட்ட வந்தது. நீட்டின இடத்துல பழைய பிஸ்கட் டின் ஒண்ணு. பெருநாள் பலகாரத்தை ரொஹானா எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சுத் தொறந்தேன்.

உள்ளே பலகாரம் இல்லை, மகளே. நீல நிற இன்ஹேலர். எல்லாம் காலி. பதினாலு.

நான் அப்படியே படுத்திருந்தேன். வாசல்ல ரொஹானாவோட செருப்புச் சத்தம் கேட்டுது. "அபாங், உங்க கால் ரெண்டும் மட்டும் தெரியுது. உசிரோடதான் இருக்கீங்களா?"

"இது என்ன?"ன்னு டின்னை ஆட்டினேன். கலகலன்னு சத்தம். அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் கட்டில்மேலே உக்காந்தா, பலகை இன்னும் கொஞ்சம் என்மேலே இறங்குச்சு.

"மூச்சிழுப்பு ரெண்டு வருஷமா இருக்கு. குப்பையிலே போட்டா நீங்கதானே எடுத்துட்டுப் போறீங்க, பாத்துடுவீங்கன்னு இதுல போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா துடைப்பத்தைப் புடுங்கிடுவீங்க. சமையக்கட்டுக்குள்ள விடமாட்டீங்க. நாற்காலியில உக்கார வச்சுடுவீங்க. அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு?"

முகத்தைப் பார்க்காமல் பேசியதால்தான் அவள் அவ்வளவு பேசினாள் என்று இப்போது தோன்றுகிறது. நானும் கட்டிலுக்கு அடியில் இருந்ததால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. ரொஹானா போய்ப் பக்கத்து வீட்டுத் தச்சன் ஆ செங்கைக் கூட்டிவந்தாள், அவன் கட்டிலைத் தூக்கினான். ஆ செங் குனிந்து பார்த்து, "என்ன ஸ்டேஷன் மாஸ்டர், இந்த வயசுல ஒளிஞ்சு வெளையாட்டா?" என்றான். என் கண்ணைப் பார்த்ததும் அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டிலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் காலையும் மாலையும் இழுக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து நேராக நான் கடைக்குக் கிளம்பினேன். ரொஹானா வரவில்லை. "நீங்களே பாத்து வாங்குங்க. அதோட மூஞ்சியக்கூட நான் பாக்க வேணாம்" என்றாள்.

இந்தத் தடவை நான் வெறுங்கையோடு போகவில்லை. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் எங்கள் பூனைகள் தொம்பொக்கும் கெலாபுவும் ஒரு வாரமாக உதிர்த்த முடி, சமையலறை அரிசி கொஞ்சம், நொறுங்கின கெரோப்போக் அப்பளம், வாசல் மணல், எல்லாம் சேர்த்துக் கொண்டுபோனேன். மிஸ் சோங் டப்பாவைப் பார்த்துப் பின்வாங்கினாள். "பாக், சோதிச்சுப் பாக்க எங்க கடையிலயே மண்ணு இருக்கு."

"உங்க மண்ணு வேற, என் வீட்டு மண்ணு வேற"ன்னு சொல்லிக் கடை நடுவுல கொட்டிட்டேன். கூட்டம் சேந்துடுச்சு. முதல் இயந்திரம் பூனை முடியை எடுக்கவே இல்ல, அதைச் சுருட்டி உருட்டி முன்னால தள்ளிக்கிட்டே போச்சு, மூணாவது பூனை வந்துட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது நல்லா விழுங்குச்சு, தானே போய்க் கொட்டவும் செஞ்சுது. ஆனா கொட்டின எடத்துல பை கிடையாது, வெறும் பெட்டி. நெறைஞ்சா தொறந்து காட்டும்மான்னேன். தொறந்தா, புகை மாதிரி எழும்பி நேரா என் மூக்குல ஏறி, வரிசையா ஏழு தும்மல், ஏழாவதுக்குக் கடைக் காவலாளி ஓடி வந்துட்டார். மூக்கைத் துடைச்சுக்கிட்டு நெனச்சேன், இதே தூசி ரொஹானா மூக்குல போயிருந்தா? மூணாவது, கொஞ்சம் பருத்த இயந்திரம், எல்லாத்தையும் முழுங்கிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி, ஒட்டி நின்னுச்சு, அப்புறம் போட்டுது பாரு ஒரு உறுமல், பக்கத்துல மசாஜ் நாற்காலியில கண்ணை மூடிப் படுத்திருந்த பெரியவர் எழுந்து செருப்பில்லாம வாசல் வரைக்கும் போயிட்டார். ஆனா மிஸ் சோங் அந்தப் பையை வெளியே இழுத்தப்போ அது தன் வாயைத் தானே மூடிக்கிச்சு. ஒரு பொட்டுத் தூசி வெளியே வரல. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தேன். ஒண்ணுமில்ல.

"இது சத்தம் கொஞ்சம் அதிகம் பாக்"ன்னு அவளே நேர்மையாச் சொன்னா.

"அது சத்தம் போடட்டும்மா. என் வீட்டுக்காரி இருமாம இருந்தாப் போதும்."

அந்தப் பெண் உடனே குனிந்தாள். தன் கையால் என் பூனை முடி முழுவதையும் கூட்டி டப்பாவில் போட்டுத் திருப்பித் தந்தாள். அவளுக்காகவும் துஆ செய், மகளே.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது உறுமியதும் தொம்பொக் ஜன்னல் திரையில் ஏறினான், திரை கம்பியோடு இறங்கியது, கீழே ரொஹானா ஆற வைத்திருந்த பண்டான் கேக். அடுத்த நாள் ஹாலிலிருந்து சமையலறைப் படியை ஏற முடியாமல் அது நாற்பது நிமிஷம் முட்டிக்கொண்டே நின்றது, ஆ செங் வந்து ஒரு பலகையைச் சரிவாகச் சீவிப் பொருத்திக் கொடுத்தான், கூலி கேட்டால் "கட்டிலுக்கு அடியில மட்டும் மறுபடி போகாதீங்க, அது போதும்" என்கிறான். மூன்றாம் நாள் அது என் தஸ்பீஹ் மாலையை விழுங்கிவிட்டது. மணிகள் எல்லாம் பைக்குள்ளே. பையோ வாயை மூடிக்கொண்டது. வேறு வழியில்லாம, ரொஹானாவை உள்ளே விட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, நான் மழைக்கோட்டும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டும் மாட்டிக்கிட்டு முற்றத்துல உக்காந்து கத்தரியால பையை வெட்டி ஒவ்வொரு மணியா பொறுக்குறேன், நல்ல வெயில், ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து ஊத்துது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அவ விரலை நீட்டி நீட்டிக் காட்டுறா, அதோ ஒண்ணு, இதோ ஒண்ணு, காலுக்குக் கீழே ஒண்ணு. அப்ப அவ சிரிச்சா. ரெண்டு மாசத்துல முதல் தடவை.

அதுக்கப்புறம் அவ மனசு கொஞ்சம் கொஞ்சமா எளகுச்சு. முதல்ல திரும்பிக்கூடப் பாக்காதவ, "அந்த மூலைய விட்டுட்டுப் போகுது பாருங்க"ன்னா. அப்புறம் காபிக் கோப்பையோட நாற்காலியில உக்காந்து அதையே அதட்ட ஆரம்பிச்சுட்டா. "ஏய், அங்க இல்ல, அலமாரிக்குக் கீழே போ. போனியா? என்னத்தப் பெருக்கின? திரும்பப் போ!" அது போகாது. நான்தான் போன்ல வரைபடத்தைத் தொட்டு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவேன். தன் பேச்சைக் கேட்டுத்தான் போகுதுன்னு அவ நம்புறா. நீ வரும்போது இதை வாய் தவறிச் சொல்லிடாதே. பால்கார அம்மாகிட்ட "இந்த வீட்டுக்கு இப்ப நான் சூப்பர்வைசர்"னு சொல்றது என் காதுல விழுந்துச்சு.

இதெல்லாம் எழுதியது ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக. போன வியாழன் காலை, சுபுஹு தொழுகைக்குப் பிறகு, நான் குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்தேன். உள்ளறையில் ரொஹானா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் நின்று, இருமி, தண்ணீர் குடித்து ஓதுவாள், அது பக்தியில் நிறுத்தி நிறுத்தி ஓதுகிறாள் என்று ரெண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். அன்றைக்கு அவள் நிற்கவே இல்லை. ஒரு பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் திரும்பியது, குரல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம். அசையாமல் கடைசிவரை நின்று கேட்டேன். அந்தக் குரலை எனக்குத் திருப்பிக் கொடுத்தது டாக்டரும் மருந்தும் இயந்திரமும்தான், ஆனால் எங்களை விரட்டியது நீ. நான் மூன்று வாரம் சும்மா இருந்ததை நீ மன்னிக்க வேண்டும்.

ஆகவே இந்த வீட்டில் இனி தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை, துடைப்பத்துக்கு வேலையில்லை, நாங்கள் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்று உனக்கு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். குழந்தையின் இரண்டு கன்னத்திலும் என் பெயரால் ஒவ்வொரு முத்தம். உன் கைபட்ட நோயாளிகளின் மூச்செல்லாம் உனக்கு துஆவாக வந்து சேரட்டும், உன் வீட்டில் பரக்கத் நிறையட்டும். மாக் லோங் வறுத்த செருண்டிங் இறைச்சித் தூள் ஒரு பாட்டில் தனியாக வருகிறது.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
பாக் லோங் பஹாரோம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆ செங்கின் வேன் வந்து நின்றது. ரொஹானா எங்கள் சின்னப் பள்ளிவாசல் சூராவில் பெண்கள் ஓதும் வகுப்புக்குப் போய்விட்டு இறங்கினாள். போகும்போது வேனில் ஒரு பெட்டியை ஏற்றினாள், ஏதோ பலகாரம் என்று நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். பலகாரம் இல்லையாம். நான் இங்கே உட்கார்ந்து எந்த இயந்திரத்தை இவ்வளவு புகழ்ந்து எழுதினேனோ, அதுவும் அதன் பையும் பெட்டியும் எல்லாம் சூராவுக்குப் போய்விட்டது. "அங்க கம்பளம் பூரா தூசி அபாங். நாப்பது பொம்பளைங்க இருமிக்கிட்டே ஓதுறாங்க. எனக்கு மட்டும் நல்லா மூச்சு வந்தாப் போதுமா?" என்கிறாள். நாளைக்கு மிஸ் சோங்கிடம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை தேர்ந்தெடுக்கப்போவது ரொஹானாதானாம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கையிருப்பில் இல்லையாம், வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். அதுவரைக்கும் வீட்டை யார் பெருக்குறதுன்னு கேட்டேன். என் முகத்தைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா, மகளே, ரொம்ப நேரம், கொஞ்சம்கூட மூச்சு வாங்காம சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே துடைப்பத்தை எங்கிட்ட நீட்டினா. கடிதம் இத்தோடு முடிகிறது, எனக்கு ஹாலில் வேலை இருக்கிறது.