சாரை போட்ட கோல்

ஓடத் தெரியாத மனிதன் என்று உலகத்தில் யாரும் கிடையாது. சரியான காரணம் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வந்த காரணம் ஆறடி நீளம் இருந்தது.

முப்பதுகளில் புதுச்சேரியில் கால்பந்து என்றால் ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். அதுவும் கடலூர்க்காரர்களோடு ஆட்டம் என்றால் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் நேருக்கு நேர் மோதுகிற மாதிரி. (வெறுங்காலோடு ஓடி அடிபட்டதென்னவோ இரண்டு பக்கமும் நாங்கள்தான்.) எங்கள் கேப்டன், என் அக்கா புருஷன் சூசை மாமா. கருவடிக்குப்பத்தில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஓர் ஆட்டக்காரன் காய்ச்சலில் சுருண்டுவிட, மாமா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அந்துவான், உள்ள வந்து நில்லு!”

“எனக்கு ஆடத் தெரியாதே மாமா!”

“ஆடவா சொன்னேன்? நிக்கத்தான சொன்னேன்.”

நின்றேன். பந்து வந்தபோதெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தார்கள், ஆட்டம் முடியப்போகிறது. அப்போது பந்து உருண்டு வந்து, வேறு போக்கிடம் இல்லாததுபோல என் காலடியில் நின்றது.

“டேய், பின்னால பாரு! சாரை!” என்று மாமா அலறினார்.

பக்கத்து முந்திரிப் புதரில் இருந்த பாம்பு, கூட்டத்தின் கொட்டுச் சத்தத்தில் மிரண்டு என்னை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. சாரை பட்டப்பகலில் தரையில் திரிந்து எலி பிடிக்கிற பாம்பு, அதற்கு விஷம் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியாது.

ஓடினேன். பந்து முன்னால், நான் நடுவில், சாரை பின்னால். வைத்த அடியெல்லாம் பந்தில் பட்டது. வழிமறிக்க வந்த கடலூர் வீரர்கள் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விலகுவதுபோல இரண்டு பக்கமும் விலகினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் ஏறிவிட்டான். “ஐயோ, மாதாவே!” என்ற கூச்சலோடு நானும் பந்தும் சேர்ந்து கோலுக்குள் விழுந்தோம். அங்கே கட்டியிருந்த மீன்வலை என்னைச் சுற்றிக்கொண்டது. சாரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலிக்குள் போய்விட்டது.

“பாம்ப உட்டு கோல் போடறீங்களா? செல்லாதுங்க!” என்று கடலூர் கேப்டன் குதித்தார்.

நடுவராக வந்திருந்த பிரெஞ்சு சிப்பாய், தான் ஏறி நின்ற மாட்டுவண்டியிலிருந்து கம்பீரமாக இறங்கினார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மாமா அதைத் தொண்டை கிழியத் தமிழில் சொன்னார்: “பாம்பு பந்தத் தொடல! கோலு கோலுதான்!”

வலையைக்கூட உரிக்காமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். என் கால்கள் இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தன. வெற்றியில் ஆடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கொட்டடித்தார்கள். முகத்தை மூடியிருந்த அக்கா, “எந்தம்பிங்க! என் கூடப் பொறந்தவன்!” என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து நான் ‘சாரை’ அந்துவான். இப்போதும் பூசைக்குப் போகும்போது நான் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும், “தாத்தா, சாரை!” என்று பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து கத்துவார்கள்.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்பேன்:

“கோலு எந்தப் பக்கம்டா?”