வரி பாக்கிக்குப் போன வாசக்கதவு

நேற்று ராத்திரி முற்றத்தில் ஒரு சத்தம். 'கர்ரக்... கர்ரக்...' யாரோ எதையோ கிழித்துக் கிழித்து மெல்லுகிற மாதிரி.

பிள்ளை என் பக்கத்தில் தூங்குகிறான். வீட்டுக்காரர் கம்பெனி வேலையாக வெளியூர். தெருவாசலிலோ கதவே இல்லை! அது வரி ஆபீஸில் இருக்கிறது.

பயந்தால் எனக்குத் தமிழ் வராது. கான்வென்ட் வளர்ப்பு. விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹூ இஸ் தேர்?" என்றேன்.

கழுதை நிமிர்ந்து பார்த்தது. வாயில் பாதி தினசரிப் பேப்பர். என்னை மதிக்காமல் மறுபடி குனிந்து மீதியைத் தின்றது.

கதவு போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பங்காளி வீடு. தெருவாசல் ஒன்று, உள்ளே மூன்று குடித்தனம். முன்கட்டில் என் மாமனாரின் அண்ணன், பெரிய மாமா, தனிக்கட்டை. நடுக்கட்டில் மாமனாரின் தம்பி சம்சாரம், சின்னத்தை. பின்கட்டில் நாங்கள். வீட்டு வரி மூன்று பேருக்கும் பொது. அதாவது, மற்ற இரண்டு பேரும் கட்டியிருப்பார்கள் என்று மூன்று பேரும் நிம்மதியாக இருப்போம்.

நோட்டீஸ் வந்தால் பெரிய மாமா, "பின்கட்டுல குடுப்பா" என்பார். பின்கட்டில் நான், "பெரியவங்க முன்கட்டுல இருக்காங்க" என்பேன். இப்படியே வருஷம் ஓடி, நேற்றுக் காலையில் ஜப்திக்கு வந்துவிட்டார்கள்.

"பாத்திரம் பண்டத்த எடுங்கய்யா" என்றார் அதிகாரி.

சின்னத்தை அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "இது எங்கப்பன் வீட்டுச் சீரு. தொட்டீக, அம்புட்டுத்தேன்!"

பெரிய மாமா சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இது என் சொந்தச் சம்பாத்தியம்ணே. நீங்க உள்ள போயி பாருங்க."

அதிகாரிக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டது போல. "சரி, இந்த வீட்டுல மூணு பேருக்கும் பொதுவா என்னதான்யா இருக்கு?"

கேள்வி! சிஸ்டர்களிடம் படித்தவள் நான். கேள்வி காதில் விழுந்தால் கை தானாக மேலே போகும். போயிற்று.

"தெருக்கதவு சார்!"

அதிகாரி, "வெரிகுட்ம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, கீலைக் கழற்ற ஆரம்பிக்கும் வரை.

"ஏம்மா கான்வென்ட்டு, அப்படியே கூரையும் பொதுதான்னு சொல்லிற வேண்டியதுதான?" என்றார் பெரிய மாமா.

"முத மார்க்கு எம் மருமகளுக்குத்தேன்" என்றார் சின்னத்தை, அண்டாவை விட்டு இறங்காமலே.

கழுதையைப் பார்த்த பிறகு முடிவு பண்ணிவிட்டேன். இன்னொரு ராத்திரி கதவில்லாமல் கைப்பிள்ளையோடு படுக்க என்னால் முடியாது. இருட்டுவதற்குள் கதவு வந்தாக வேண்டும்.

இன்று காலை பங்கு வசூல். சின்னத்தை அஞ்சறைப் பெட்டியிலிருந்து சீரக வாசனையோடு எடுத்துத் தந்து, பிள்ளையையும் வாங்கிக்கொண்டார். பெரிய மாமா மட்டும், "கதவு வரட்டும். கண்ணால பாத்துட்டுத் தாரேன்" என்றார். அவர் பங்கையும் என் சேலைச் சீட்டுப் பணத்தில்தான் போட்டேன்.

பணம் கட்டி ரசீதோடு கிடங்குக்குப் போனால், அங்கே கதவு மேல் கதவாக அடுக்கியிருந்தது!

"உங்க கதவுக்கு என்னம்மா அடையாளம்?" என்றார் காவலாளி.

"பச்சைப் பெயிண்ட்."

"எல்லாமே பச்சைதாம்மா."

நல்லவேளை, பெரிய மாமா எங்கள் கதவில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்: 'இங்கு நோட்டீஸ் ஒட்டாதே.'

கைவண்டியில் கதவு, பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான். கோரிப்பாளையம் முக்கில் பழக்கடை பாய் கூப்பிட்டுக் கேட்டார், "என்னம்மா, வீடு மாத்துறீகளா? மிச்ச வீடு எப்ப வருது?"

குடையை இன்னும் கீழே இறக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, வண்டிக்கார அண்ணனே கதவை மாட்டினார். பெரிய மாமா மேற்பார்வை. "அந்தப் பலகை இந்தப் பக்கம்யா. எனக்குத் தெரியாதா?" மாட்டி முடித்துப் பார்த்தால் தாழ்ப்பாள் தெருப்பக்கம் இருக்கிறது!

"இருந்துட்டுப் போகுது. விடிஞ்சதும் பாத்துக்கிடலாம்" என்றார் மாமா.

"அப்ப ராத்திரி யார் வெளிய நின்னு நமக்குத் தாழ்ப்பாள் போடுறது?"

"நான் போடவாம்மா?" என்றார் வண்டிக்கார அண்ணன். "ராத்திரிக் கூலி தனி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து அந்த அண்ணன் பேசாமல் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டுத்தான் போனார். அவர் கூலிக்கும் சேலைச் சீட்டுதான்.

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கதவு நல்லாத்தேன் இருக்கு. காசு நாளைக்குத் தாரேன். சினிமாவுக்கு, ரெண்டாவது ஆட்டம் போயிட்டு வாரேன்."

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உள்தாழ்ப்பாளைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது தெருவில் ஒரு சத்தம். கழுதை இல்லை.

"தாப்பா போட்டது யாரு? உள்ள யாரு முழிச்சிருக்கீக?"

விடை தெரியும். கையைத் தூக்கவில்லை.