பதினொரு தொப்பிகளும் என் பெயரும்

பருத்தித்துறை,
செவ்வாய்க்கிழமை, காலை 6.40

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கச்சி சுவர்ணாவுக்கு, அண்ணன் நோர்மன் எழுதுவது.

நானும் உன் மச்சாள் மனோன்மணியும் ஆண்டவர் கிருபையில் சுகமாயிருக்கிறோம். நீயும் மச்சான் கொலின்சும் மகள் ஷரோனும் அவளுடைய பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். முறைக்கு விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். இனி, நீ செய்த வேலையால் எனக்கு நேர்ந்ததைக் கேள்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் அனுப்பிய கம்பளித் தொப்பிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் படம் பிடித்து, "அளந்து பின்னினது மாதிரி! எங்கடை மச்சாளின்ரை கை தங்கக் கை" என்று பேஸ்புக்கில் எழுதினாய் அல்லவா? சுவர்ணா, கதிரையில் இருந்துகொண்டு இதை வாசி. அந்தத் தொப்பிகளைப் பின்னியவள் உன் மச்சாள் இல்லை. நான்தான். ஆறு வருடமாக அனுப்பிய பதினொரு தொப்பியும் என் கைவேலை. சைக்கிளால் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்த நேரம், விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டொக்டர். யூரியூப்பைப் பார்த்துக் குறோசே என்கிற கொக்கி ஊசிப் பின்னல் பழகினேன். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்து டிரைவர்மாரை வெருட்டி வைத்திருந்தவன், ஊசியும் நூலுமாக இருக்கிறான் என்று வெளியில் தெரிந்தால் என்ன மரியாதை? அதனால்தான் மனோன்மணியின் பெயரில் அனுப்பச் சொல்லி நானே அவளைக் கெஞ்சினேன். அவளும் ஒரு கேள்வி கேட்காமல் ஓம் என்றாள்.

உன் படத்தை இங்கே நிஷானி ரீச்சர் கண்டுவிட்டாள். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் பின்னல் வேலை செய்கிறவர்களை எல்லாம் கூட்டிச் சனியும் ஞாயிறும் எங்கள் தேவாலய மண்டபத்தில் ஒன்றுகூடல் வைக்கிற பிள்ளை அவள். நேரே வீட்டுக்கு வந்து, "அன்ரி, ஞாயிற்றுக்கிழமை மேடையிலை நீங்கள் ஒரு தொப்பி பின்னிக் காட்டவேணும்" என்றாள். நான் வாயைத் திறக்கு முன்னம், "ஓம் பிள்ளை, அதுக்கென்ன" என்றுவிட்டாள் மனோன்மணி. எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. ஊசியின் தலை எது கால் எது என்று தெரியாத மனுசி! ரீச்சர் போன பிறகு, "இஞ்சாரும், என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டேன். "ஆண்டவர் வழி காட்டுவார்" என்று சொல்லிக்கொண்டு கீரை ஆயத் தொடங்கிவிட்டாள். ஆண்டவருக்குக் குறோசே தெரியுமா என்று கேட்க நினைத்தேன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், அப்பாடா, அறுபது பெண்கள்! காற்றாடியைப் போட்டால் நூல் பறக்கும் என்று அதையும் நிற்பாட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுக்க இருந்து கம்பளி பின்னுகிறார்கள். இந்த வெயிலில் கம்பளியைத் தொடவே எனக்கு உடம்பு எரிகிறது, அவர்கள் மடியில் மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். புத்தூரிலிருந்து இரத்தினம்மா என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரி. மேசை விரிப்பின் ஓரத்துக்கு றேந்தை பின்னிக்கொண்டே போனில் வியாபாரியோடு வெங்காய விலைக்குச் சண்டை பிடித்தாள். ஒரு தரமாவது கையைக் குனிந்து பார்த்தாளா? இல்லை. போனை வைத்துவிட்டு, "நூற்றி எண்பத்திநாலு" என்று விட்ட இடத்திலிருந்தே எண்ணினாள். எனக்கு எழும்பி நின்று சல்யூட் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒருவராவது எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொள்கிறார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைக்குத்தான். என் டிப்போவில் இப்படி நாலு பேர் இருந்திருந்தால் எனக்கு இரத்த அழுத்தமே வந்திராது.

மனைவிமாரைக் கூட்டி வந்த ஆம்பிளையளுக்கு விறாந்தையில் கதிரை போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் சீவரத்தினம் என்று ஒரு மீன்பிடிகாரர், மடியில் கிழிந்த வலை. அவர் பாட்டில் கண்ணி போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். வெட்கமில்லை, ஒளிப்பில்லை. நான் மட்டும் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். மனோன்மணி மகாராணி மாதிரி ஏறிப்போய் இருந்துகொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு இண்டைக்குக் கை உளையுது, பிள்ளை. இவர் பின்னட்டும், நான் சொல்லிக் குடுக்கிறன்." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பைக்குள் இருந்த கையை எடுத்துக்கொண்டு நான் ஏறினேன். ஊசியைக் கையில் எடுத்தது முதல் அவளுடைய அதிகாரம்தான். "உது இல்லை, அடுத்த கண்ணி. ஒண்டை விட்டிட்டீங்கள், பாருங்கோ. இறுக்காதேங்கோ, விடுங்கோ, கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ." உண்மையாகவே ஒரு கண்ணியை விட்டிருந்தேன், சுவர்ணா! அதை எப்படித்தான் கண்டாளோ! ஆறு வருடம் நான் பின்னுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததிலேயே இவ்வளவும் பிடித்திருக்கிறாள். என்ன மூளை! "இறுக்காதேங்கோ" என்றதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக எல்லாக் காரியத்திலும் அவள் எனக்கு அதைத்தான் சொல்லி வருகிறாள்.

தொப்பி முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "அன்ரிக்கு என்ன பொறுமை! ஒரு ஆம்பிளைக்கே ஒரு மணித்தியாலத்திலை பழக்கிப் போட்டா!" என்று இரத்தினம்மா உருகுகிறாள். சிறந்த ஆசிரியை என்று மனோன்மணிக்கு ஒரு ரின் பிஸ்கற்றும் மூன்று பந்து நூலும் பரிசு. எனக்கு? ஒரு கிளாஸ் நெல்லிச் சாறு. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாரையும் விடக் கூடக் கைதட்டினது நான்தான். இறங்கி வரும்போது சீவரத்தினம் மட்டும் என் விரலைப் பார்த்து, "உது இண்டைக்குப் பழகின கை இல்லை, அண்ணை" என்றார். ஆறு வருடத்தில் என்னைக் கண்டுபிடித்த ஒரே மனுசன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே சுவர்ணா, எனக்கு இனி ஒளிப்பு வேண்டாம். பேஸ்புக்கில் திருத்திப் போடு. பதினொரு தொப்பியும் அண்ணன் நோர்மன் பின்னியவை என்று போடு. டிப்போக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மனோன்மணி நல்ல ஆசிரியைதான், மறுக்கவில்லை. ஆனால் தொப்பி என்னுடையது. இந்த வயதில் நான் என் கையால் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது, அதையாவது என் பெயரில் விடுங்கள்.

உங்கள் வாசலில் பனியையும் வீட்டுக்குள் சமாதானத்தையும் ஆண்டவர் அளவாகத் தரட்டும். மச்சான் கொலின்சுக்கும் ஷரோனுக்கும் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புள்ள அண்ணன்,
செ. நோர்மன்

பி.கு.: சுவர்ணா மச்சாள், இது மனோன்மணி எழுதுறன். உங்கடை அண்ணை கடிதத்தை ஒட்டாமலே என்னட்டைத் தந்து, தபாலிலை போடச் சொல்லிப்போட்டு, வழமை போலை பேப்பர் படிக்க வாசிகசாலைக்குப் போயிட்டார். நான் பள்ளிக்கூட விடுதியிலை பன்னிரண்டு வயசிலையே குறோசே பழகினனான். இவர் பின்னுற தொப்பி ஒண்டும் பிள்ளையளின்ரை தலைக்குப் போகாது, அவ்வளவு இறுக்கம். ஒவ்வொரு வருசமும் இவர் வாசிகசாலைக்குப் போற நேரம் பார்த்து, எல்லாத்தையும் குலைச்சு, அதே நூலிலை திரும்பப் பின்னித்தான் உங்களுக்கு அனுப்பினனான். பென்சன் எடுத்த புதிசிலை இவர் நாள் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, ஒழுங்கையாலை போற வாகனங்களுக்கு நேரம் குறிச்சுக்கொண்டு இருந்தவர். ஊசி பிடிச்ச பிறகுதான் மனுசன் சிரிக்கத் தொடங்கினது. மேடையிலை நான் பின்னியிருந்தால் இவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும், அதுதான் கை உளையுது எண்டனான். இவர் சொன்ன மாதிரியே பேஸ்புக்கிலை போடுங்கோ, பேரைப் பெரிய எழுத்திலை போடுங்கோ. மேடையிலை பின்னின தொப்பியை மட்டும் நான் குலைக்கேல்லை, மனம் வரேல்லை. அப்பிடியே இதோடை அனுப்புறன். ஷரோனின்ரை சின்னவளின்ரை பொம்மைக்குப் போட்டுப் பார்த்திட்டு, "நல்ல அளவாயிருக்கு, அண்ணை" எண்டு ஒரு வரி எழுதுங்கோ. பொய்யும் இல்லைத்தானே.