ஐந்து மீட்டர் ஊதா வெளிச்சம்

இந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று சென்ற மாசியில் ஒரு தீர்மானம் போட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

என் பெயர் குழந்தைவேலு. வயது நாற்பத்தெட்டு. யாங்கோனில் தாம்வே பக்கம் ஆறு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஹாலில் என் மனைவி சாந்தகுமாரியின் தையல் மெஷின். படுக்கையறையில் அவள் பீரோ. பால்கனியில் அவள் காயப்போடும் மிளகாய். சமையலறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே தண்ணீர் குடிக்கவே அனுமதி வாங்க வேண்டும். எனக்கு உரியது கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் என் கைலி தொங்கும். மழைக்காலத்தில் அங்கேயும் அவள் குடை வந்துவிடும்.

மிச்சம் இருந்தது கார் ஒன்றுதான். ஜப்பானில் இருபது வருடம் ஓடி அலுத்துப்போய், ஓய்வெடுக்க யாங்கோனுக்கு வந்த கார். நான் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன், இங்கே அதை எல்லாரும் ஃபெர்ரி என்போம். ஆகவே வாரம் ஆறு நாள் கார் வாசலில் சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். அப்போது இடதுபக்கம் சாந்தா உட்காருவாள்.

அந்த இடதுபக்கம் லேசான இடம் இல்லை. எங்கள் ஊரில் வண்டி சாலையின் வலதுபக்கம் போக வேண்டும். ஜப்பான் காரில் ஸ்டியரிங்கும் வலதுபக்கம். முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "இப்பப் போங்க" என்று சொல்ல வேண்டும். பத்து வருடமாக அந்த உத்தியோகம் சாந்தாவுடையது. இருந்தாலும் ஓட்டுவது நான், கார் என்னுடையது. சாவி மட்டும் அவளுடைய டப்பாவில் இருக்கும், பத்திரத்துக்காக.

அந்தக் காருக்குள் விளக்கு அலங்காரம் செய்வது என்று முடிவு செய்தேன். கூரையில் ஊதா, கதவோரம் ஊதா, காலடியில் ஊதா. சாயந்தரம் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்னை யார் கேட்பது?

எலெக்ட்ரீஷியன் எதற்கு? எங்கள் ஊரில் கரண்ட் நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. இந்த ஏற்பாட்டில் குடித்தனம் நடத்துகிற எந்த ஆண்பிள்ளையும் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் பாதி எஞ்சினியர். எங்கள் வீட்டு பாட்டரியிலிருந்து ஹால் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைஃபைக்கும் நானே ஒயர் இழுத்திருக்கிறேன். சமையலறைக்கு மட்டும் இழுக்கவில்லை. மூன்று மாதமாக சாந்தா போன் டார்ச்சை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்கிறாள். கேட்கும்போதெல்லாம் அடுத்த ஞாயிறு என்று சொல்லியிருக்கிறேன். எந்த ஞாயிறு என்று நான் குறிப்பிட்டதில்லை.

லத்தா கடைத்தெருவுக்குப் போய், ஒட்டுகிற எல்.இ.டி. பட்டை ஐந்து மீட்டர் வாங்கி வந்தேன். சாந்தா சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கிச்சனுக்கா?"

"காருக்கு."

"கார்ல யாரு சமைக்கிறா?"

"இது அழகுக்கு."

சண்டை வரும் என்று எதிர்பார்த்து இரண்டு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. அவள் சுருளை மெதுவாகத் திருப்பித் தந்தாள். "போடுறது போடுறீங்க, டிரைவர் காலடியில நல்லா வெளிச்சமாப் போடுங்க. அங்கதான் ஒண்ணும் தெரியல," என்றாள். இருபது வருட தாம்பத்தியத்தில் என் திட்டத்துக்கு அவள் யோசனை கொடுத்தது அதுதான் முதல் தடவை. காலடிக்கு மட்டும் ஒன்றரை மீட்டர் ஒதுக்கினேன்.

முதல் ஞாயிறு, கூரை விளக்கின் ஒயரை உரித்து அதில் என் பட்டையை முறுக்கினேன். ஒரு சின்ன 'டப்'. ஃபியூஸ் போயிற்று. கூரை விளக்கு, ரேடியோ, கடிகாரம் மூன்றும் ஒரே ஃபியூஸில் குடியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. காரில் இருந்த மொத்த சுகமும் அந்த மூன்றுதான்.

அடுத்த ஞாயிறு புத்தி வந்தது. வீட்டில் செய்கிற மாதிரியே செய்தேன். பாட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், அதற்கு ஒரு தனி ஃபியூஸ், ஒரு சுவிட்ச். பசை ஒட்டாத இடத்தில் டேப். எல்லாம் முடியும்போது மாலை ஆறரை. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. சுவிட்சைத் தட்டினேன்.

கார் முழுக்க ஊதா. கண்ணாடி வழியாக வழிந்து கட்டடத்துச் சுவரிலும் ஊதா.

தரைத்தளத்தில் டோ மியா என்று ஒரு பர்மிய அம்மாள் காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிறார். சுவரில் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவர் "மீ லாபி" என்று கூவினார். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கோனில் இந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் யாரும் சரிபார்ப்பதில்லை. அப்படியே அடுத்த வாய்க்குக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். முதல் மாடி கூவியது, இரண்டாவது மாடி கூவியது, எதிர்க் கட்டடமும் கூவியது. ஆறு மாடியிலும் தண்ணீர் பம்பைப் போட ஓடினார்கள், ரைஸ் குக்கரைச் சொருக ஓடினார்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டோடு போன் சார்ஜரைத் தேடினார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. எல்லாம் கீழே பார்த்தன. கீழே ஊதா நிறத்தில் நான்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். டோ மியா என்னை ஒரு நிமிடம் பார்த்தார், உள்ளே போனார், ஒரு கூடைப் பூண்டோடு வந்து பின்சீட்டில் ஏறி உரிக்க ஆரம்பித்தார். அடுத்து இரண்டாவது மாடி கமருன்னிசா இறங்கி வந்தாள். அவள் கணவர் அப்துல் பாரிக்கு மளிகைக் கடை, கடை வேனை ஓட்டிச் சரக்குப் போடுவது அவள்தான். இடதுபக்கம் உட்கார்ந்தாள். கடைசியாகக் கத்தரிக்காய்த் தட்டோடு சாந்தா வந்து என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்தேன். என் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க எதுக்கு?" என்றேன்.

"இங்கதான் காலடி விளக்கு பளிச்சுனு இருக்கு. கத்தரிக்காய்ல புழு தெரியுதுங்க."

கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே இருந்தேன்.

அன்று ஆரம்பித்தது தினசரி வழக்கமாயிற்று. ஆறரைக்கு ஃபெர்ரியிலிருந்து இறங்கி வந்தால் கார் நிறைந்திருக்கும். உள்ளே காய் நறுக்கல் நடக்கும், கதை ஓடும், சிரிப்புக் கேட்கும். நான் படிக்கட்டில் அப்துல் பாரிக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவர் பசியோடு இருப்பார், நானும் பசியோடு இருப்பேன். உள்ளே என்னதான் பேசுவார்களோ என்று ஒருநாள் கேட்டேன். நம்மைப் பற்றித்தான் இருக்கும் என்றார் அவர், ரொம்பத் துக்கமாக.

ஒரே ஆறுதல் என் ஒயரிங். தினம் இரண்டு மணி நேரம் விளக்கு எரிந்தும் பாட்டரி இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். இதெல்லாம் கைராசி என்று பாரியிடம் சொன்னேன். சீட் மட்டும் எப்போதும் முன்னால் தள்ளியிருக்கும், கண்ணாடி கீழே சாய்ந்திருக்கும். பெண்கள் உட்கார்ந்தால் அப்படித்தான் என்று சரிசெய்துகொண்டேன். பெட்ரோலும் குறைந்துகொண்டே வந்தது. சித்திரை வெயிலில் ஆவியாகிறது என்று கணக்குப் பண்ணினேன்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் மழையில் படிக்கட்டில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓர் ஆணிக்கு மேல் எனக்கு எதுவும் கிடையாதா? அன்றைக்கே சமாதானப் பேச்சுக்குப் போனேன். காரிலிருந்து பட்டையைக் கழற்றிச் சமையலறையில் மாட்டித் தருகிறேன், பதிலுக்கு என் காரை எனக்கு விட்டுவிட வேண்டும் என்றேன். வாக்கு வேண்டும் என்றும் சொன்னேன்.

"சரிங்க," என்றாள் சாந்தா. "நின்னுக்கிட்டு இருக்கிற கார்ல இனிமே நான் உக்காரவே மாட்டேன்."

இவ்வளவு சுலபமாகவா என்று ஒரு கணம் தோன்றியது. ஜெயித்த சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை. வீட்டு பாட்டரியிலிருந்து சமையலறைக்கு ஒயர் இழுத்தேன். அடுப்புக்கு மேல், அலமாரிக்குக் கீழ், தொட்டியோரம் என்று ஐந்து மீட்டரையும் ஒட்டினேன். கரண்ட் போனதும் பார்த்தால் கடுகை ஒவ்வொன்றாக எண்ணலாம். சாந்தா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்களை மாதிரி வேலை செய்ய ஆள் கிடையாது என்றாள். அதையும் நான் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஃபெர்ரியிலிருந்து இறங்கியபோது நெஞ்சு லேசாக இருந்தது. கையடக்க ரேடியோ ஒன்று வாங்கி வைத்திருந்தேன். விளக்கு இல்லாவிட்டால் என்ன, இருட்டிலேயே உட்காரலாம், என் இருட்டு. வாசலுக்கு வந்தேன். வாசல் இருந்தது. கார் இல்லை.

உடனே சாந்தாவுக்குப் போன் செய்தேன்.

"சாந்தா, காரைக் காணோம்."

"காணாமல்லாம் போகலைங்க. தன்லியின் பாலத்து மேல இருக்கு. ஒரே நெரிசல்."

"பாலத்து மேலயா? யார் ஓட்டுறா?"

"நான்தான். கமருன்னிசா போனைப் பிடிச்சிட்டிருக்காங்க, சத்தமாப் பேசுங்க."

என்னால் சத்தமாகவும் முடியவில்லை, சன்னமாகவும் முடியவில்லை. எப்போது கற்றுக்கொண்டாய் என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"நீங்க போட்ட காலடி விளக்குலதாங்க. எது கிளட்ச், எது பிரேக்குன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. சாயந்தரம் இவங்ககிட்டப் பாடம். மறுநாள் நீங்க ஃபெர்ரி ஏறினதும் ஓட்டம். லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆச்சு. ரோடு எனக்குப் புதுசா? பத்து வருஷமா நான்தானே பாத்துச் சொல்றேன், நீங்க திருப்ப மட்டும்தானே செஞ்சீங்க."

"அப்போ பாட்டரி?"

இதற்குக் கமருன்னிசா பதில் சொன்னாள். "தினம் ஓடினா அது ஏன் இறங்கப்போகுதுண்ணே?"

என் கைராசி அங்கேயே பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். உண்மையாகவே வலித்தது, குரலிலும் அது தெரிந்திருக்க வேண்டும். சாந்தா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தன்லியின்ல இருக்கிற விஜயா அக்காவைப் பாக்கக் கூட்டிட்டுப் போங்கன்னு மூணு வருஷமாச் சொன்னேன். நீங்க அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னீங்க. இன்னைக்கு அக்காவுக்குப் பொறந்த நாளுங்க. நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

வெட்கமாக இருந்தது. பத்திரமாக ஓட்டு என்று மட்டும் சொன்னேன். ஓட்டுவதாகச் சொன்னாள். அரிசி களைந்து வைத்திருப்பதாகவும், கத்தரிக்காயை நறுக்கிக் குழம்பு வைத்தால் போதும் என்றும், கமருன்னிசாவும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறாள் என்றும் சொன்னாள். எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது என்றேன். எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பதாகவும், அங்கேதான் இப்போது நல்ல வெளிச்சம் இருப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் மாடியேறிச் சமையலறைக்குள் போனதும் கரண்ட் போயிற்று, சுவிட்சைத் தட்டினேன். தெரு முழுக்க இருட்டு, மூன்றாவது மாடியில் மட்டும் ஊதா. அதைப் பார்த்துக்கொண்டு அப்துல் பாரி மாடியேறி வந்து, வீட்டில் யாரும் இல்லை, சாப்பாடு இங்கேதானாமே என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார். வெங்காயத்தை அவரிடம் கொடுத்தேன். புளியை நான் கரைத்தேன். இரண்டு பேரும் டப்பாக்களைப் படித்துப் படித்துச் சமைத்தோம்.

ஒன்பது மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. பால்கனியிலிருந்து பார்த்தேன். இரண்டு வேன்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் சாந்தா ஒரே திருப்பில் காரை நிறுத்தினாள். அந்த இடத்தில் நிறுத்த எனக்கு நாலு திருப்பு வேண்டும், கூடவே டோ மியாவின் கைதட்டலும் வேண்டும்.

கமருன்னிசாவோடு மேலே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. கை கழுவி உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தாள். நானும் பாரியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "நாளைக்கு உப்பை மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க."