ராகு காலத்தில் நின்ற ராட்டினம்

உலகத்தில் பாதிப் பேர் நடந்து முடிந்ததை நினைத்து அழுகிறார்கள். மீதிப் பேர் இன்னும் கட்டியே முடிக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டு பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள்.

ஐம்பதுகளில் ஒரு மாசி மாதம். தேர்த் திருவிழாவுக்கு முன்னால், ஓசூர் மாட்டுச் சந்தை மைதானத்தில், பெங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பெரிய ராட்டினம் கட்டத் தொடங்கினார். அதுவரை நாங்கள் கண்ட ராட்டினத்துக்கு நான்கே மரப்பெட்டி. இரண்டு பேர் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். இதுவோ முழுக்க இரும்பு, எண்ணெய் எஞ்சினில் ஓடுமாம். உச்சிப் பெட்டியில் உட்கார்ந்தால் மைசூர் சீமையே தெரியும் என்று ஊரில் பேச்சு. (மைசூர் சீமை எங்கள் ஊரிலிருந்து நடந்து போய்விடும் தூரம்தான். ஆனாலும் உச்சியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு மரியாதை உண்டு அல்லவா?)

மைதானத்துக்கு எதிரிலேயே ராகி அரைக்கிற மெஷின். இது என் அதிர்ஷ்டம், எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டம். குழி தோண்டியதைப் பார்க்க ஒரு படி ராகி அரைத்தேன். கம்பம் நட்டதைப் பார்க்க இன்னொரு படி. சக்கரத்தை மாட்டுவது இழுத்துக்கொண்டே போனதால் வீட்டில் பானை பானையாக மாவு சேர்ந்தது. காலையில் களி, மத்தியானம் களி, ராத்திரிக்குக் கூழ். அப்பா ஒருநாள் உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு, "ஏம்மா ராஜம்மா, ஊருக்கே சோறு போடற எண்ணம் ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். நான் இன்னொரு உருண்டை வைத்தேன்.

ராட்டினக்காரரிடம் தினமும் ஒரே கேள்விதான். "எப்பங்க ஓடும்?" அவரும் தினமும் கன்னடத்தில் ஒரே பதில்தான் சொல்வார். "ஸ்வல்ப இரம்மா, ஆகுத்தே." கொஞ்சம் பொறு, ஆகிவிடும். சாமியிடம் வேண்டிக்கொண்டபோதுகூட அவ்வளவு நம்பிக்கையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த நேரத்தில்தான் உத்தனப்பள்ளியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தகப்பன் இல்லாத பையன், சொந்த நிலம், அம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் என் வாய்த்துடுக்கால் தட்டிப்போயிருந்தது. அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா நாட்றாம்பாளையத்து மாமனுக்குத்தான். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." மாமா என் அம்மாவின் கூடப்பிறந்தவர். என்னை இடுப்பில் தூக்கி வைத்துக் காடு காட்டியவர். தங்கமான மனுஷர், அதுதான் கஷ்டமே. அவரைப் புருஷனாக நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. மறுப்பதற்கு ஒரு காரணமாவது அவர் கொடுத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்து, பன்னிரண்டுக்கு மேல் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதே வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறக்கும் முன், ராட்டினத்துக்குப் பூசை. இரண்டுக்கும் நடுவில் தாராளமாக நேரம் இருப்பதாக என் புத்திக்குப் பட்டது. ஒரே ஒரு சுற்று. ஓடி வந்து பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு, முகத்தில் மஞ்சளோடு, அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷினுக்குக் கிளம்பினேன். துணைக்குச் சித்தி. அம்மாவின் தங்கை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், என்னைவிட நிறையப் பயந்தவள்.

மாவு அரைத்து, துண்டால் மூடி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால் பூசை இன்னும் தொடங்கவே இல்லை. மணியக்காரர் வரவேண்டுமாம். அவர் நிதானமாக வந்து, நிதானமாகப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து முடிப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஆட்களை ஏற்றினார்கள். ஒரு பெட்டி நிறைந்ததும் சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த பெட்டி. எங்கள் பெட்டி சரியாக உச்சிக்குப் போன நேரத்தில் மணியக்காரர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"நிறுத்து! பத்தரை ஆயிடுச்சு. ராகு காலம் பொறந்துடுச்சு."

"பூசை ஆயித்து சாமி, அப்பறம் என்ன?" என்றார் ராட்டினக்காரர்.

"பூசை ஆச்சு. முழுச் சுத்து சுத்துச்சா? சுத்தலை. அப்ப இன்னும் ஆரம்பிக்கலைன்னுதான் அர்த்தம். புது எஞ்சின், ராகு காலத்துல ஆரம்பிக்கக் கூடாது."

"சரி, ஜனங்களை எறக்கிடறேன்."

"எறக்கணும்னா சுத்தணும். சுத்தினா ஆரம்பிச்ச மாதிரி."

கீழே கூட்டம் இதைக் கேட்டு ஆழ்ந்து யோசித்தது. பின்பக்கமாகச் சுற்றினால் ஆரம்பக் கணக்கில் வராதே என்று ஒருவர் வழி சொன்னார். புது வண்டி முதல் முதலாகப் பின்னால் போவது அதைவிடக் கெடுதல் என்று இன்னொருவர் அடைத்தார். அடிப்பெட்டிக்காரர்கள் இறங்கப் பார்த்தபோது, பாரம் மாறிச் சக்கரம் தானாக உருண்டுவிடும் என்று ராட்டினக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தார். அவர்கள் முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். நாங்கள் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு வரை இப்படியே என்று முடிவானது.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. உச்சிப் பெட்டியும் கிடைத்தது, தேவைக்கு மேலேயே நேரமும் கிடைத்தது. ராயக்கோட்டை ரோட்டில், உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து, வில்வண்டி ஒன்று வருவது மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வண்டி மைதானத்து ஓரத்தில் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் இறங்கினான். பிறகு கம்பீரமாக ஒரு அம்மாள் இறங்கினார். அதே நேரத்தில் எங்கள் தெருப் பக்கமிருந்து அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இருவரையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. பன்னெண்டுக்கு மேலன்னு சொன்னீங்களே?"

"புது ராட்டினம் தொறக்கறாங்கன்னு சொன்னாங்க. பாத்துட்டு வரலாம்னு இவன்தான் சீக்கிரமா வண்டி கட்டுனான். பொண்ணு வீட்டுலதானே?"

"வீட்டுலதாங்க. வெளிய தெருவே தெரியாத பொண்ணுங்க" என்றார் அப்பா.

அதுவரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்த சித்திக்கு அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. "மாமா! நாங்க இங்க மேல இருக்கறோம்! ராஜம்மாவும் இருக்கறா!"

மூன்று முகங்கள் மேலே பார்த்தன. முகத்தை மறைக்க முந்தானையைத் தேடினேன். சித்தி பயத்தில் அதைத் தன் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். கைக்குக் கிடைத்தது மாவை மூடியிருந்த துண்டுதான். அதை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். மாசிக் காற்று மாவை அப்படியே வாரிக்கொண்டு போய், வேறு எங்கும் சிந்தாமல், உத்தனப்பள்ளிக் குடும்பத்தின் மேல் கொட்டியது.

கடலை தின்றவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் கன்னத்தை விரலால் வழித்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நைசாத்தான் அரைச்சிருக்குது" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, களி கிண்டத் தெரியுமா?" என்று கத்தினார்.

"தெரியுங்க!" (அந்த மாதம் என்னைவிட அதிகமாகக் களி கிண்டியவள் தாலுக்காவிலேயே கிடையாது.)

"மாடு கறக்க?"

"தெரியுங்க!"

"கீழ எறங்க?"

துண்டுக்குள் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நாட்றாம்பாளையம் போகும் காட்டுப் பாதை கண்முன் தெரிந்தது. அப்போது அந்தப் பையன், வாய்க்குக் கை குவித்துக்கொண்டு கேட்டார்:

"மேலருந்து என்னங்க தெரியுது?"

அப்பா தலையில் கை வைத்தார். எத்தனையோ நாளாக அந்த உச்சியையே நினைத்துக் கிடந்த என்னிடம், ஒருவர் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டை எடுத்துவிட்டேன்.

"ஏரி தெரியுதுங்க! எங்க மாட்டுக்கொட்டாய் தெரியுதுங்க! உங்க ஊர் ரோடு தெரியுதுங்க!" என்று கத்தினேன். வாய் அதோடு நின்றதா? "உங்க தலையில மாவு இருக்குதுங்க!"

அவர் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும், எடுத்த எடுப்பில் பாதியில் நிறுத்தக் கூடாது என்று மணியக்காரர் உத்தரவு போட்டு, எங்களைச் சுற்று சுற்றென்று சுற்றவிட்டார். நான் இறங்கும்போது மைதானத்து ஓரத்தில் வில்வண்டி இல்லை. வீட்டுக்கும் அவர்கள் வரவில்லை. அப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. தேர் முடிந்ததும் நாட்றாம்பாளையத்துக்கு ஆள் அனுப்பப் போவதாக அம்மாவிடம் சொன்னார். நான் மீதி மாவில் களி கிண்டிக்கொண்டே அழுதேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் உத்தனப்பள்ளியிலிருந்து ஆள் வந்தது. அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருந்தார்: "பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லுது, கேக்காததுக்கும் பதில் சொல்லுது. எம் மவன் அன்னைக்கிருந்து சாப்பிடும்போதும் சிரிக்கறான். மேக்கொண்டு பேசிக்கலாம்."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் ஏணியில் ஏறினாலும், மாடிக்குப் போனாலும், கீழேயிருந்து ஒரு குரல் வரும்: "மேலருந்து என்னங்க தெரியுது?" பேரன் முதல் தடவை விமானம் ஏறியபோது குடும்பமே வழியனுப்பப் போய் அதைத்தான் கேட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாளும் ராட்டினத்தில் ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்குத் தலைசுற்றும். ஒவ்வொரு தேருக்கும் என்னை ஏற்றிவிட்டு, கீழே நின்று கேட்டுக்கொள்வார்.

கடைசியில் அவரை ஓசூர் ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் படுக்கவைத்திருந்தார்கள். திரும்பிப் படுக்கக்கூட முடியாத நிலை. ஒரு மத்தியானம் நான் ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். "மேலருந்து என்ன தெரியுது?" என்றார், காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும் குரலில்.

வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மைதானம் இருந்த இடம் எதுவென்றே புரியவில்லை.

"ஏரி தெரியுது. எங்க மாட்டுக்கொட்டாய் தெரியுது. உங்க ஊர் ரோட்டுல ஒரு வில்வண்டி வருது" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "என் தலையில மாவு இருக்குதா?"

நரைத்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டேன். "இருக்குதுங்க. இன்னும் போகலை" என்றேன்.